இயேசுநாதர் சரித்திர புருஷரோ?

பூந்தமல்லியினின்று போரூர் வழியே செல்லும் பெருஞ்சாலை பரங்கிமலையின் அடிவாரத்திற் சேர்கின்றது. அம்மலையில் அப்போஸ்தலராகிய தோமா இரத்தசாட்சியாய் மரித்தாரென்பது ஐதிகம். அது ஐயத்திற்கிடமானதெனக் கேள்வியுறும் மாணவர் சிலர், அவருடைய குருநாதர்தாம் இவ்வுலகில் இருந்தாரோவென்று அடுத்தபடியாய் வினவுகின்றனர். இவ்விரு வினாக்களையும் ஒன்றாய்ப் பிணைத்தல் தவறென்பது நம் கருத்து. இப்பிணைப்பை முதலிற் செய்தோர் ஐயவாதிகளல்லர். மலையையே கிறிஸ்துவுக்குச் சான்றாகக் காட்டிய நம்மவரே.

தோமாவைக் குறித்த சான்று மெலிந்தது. 1547-இல் மலையுச்சியில் அகப்பட்ட கற்சிலுவையிலுள்ள பஹ்லவி எழுத்துக்களைப் பண்டிதர் பலவாறு வாசித்தனர். பஹ்லவி மொழி கற்றோர் ஒருவரும் தோமாவின் பெயரை அதிற் கண்டாரில்லை. 'தோமாவின் நடபடிகள்' என்னும் சிரியா மொழி நூலோ 3-ஆம் நூற்றாண்டினது. அதிற் கூறப்படும் கொந்தோபரஸ் என்னும் அரசன் மெய்யாகவே வாழ்ந்தானென்பதை 19-ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்ட நாணயங்கள் காட்டின. எனினும் அவனாண்டது வடமேற்கு நாடேயன்றி மயிலாப்பூரன்று.

இயேசுநாதரைக் குறித்த சான்று வேறு வகையினது. பவுல் கலாத்தியருக்கு வரைந்த நிருபம், சிலுவை மரணத்திற்குப்பின் ஏறக்குறைய 25 ஆண்டுகளுள் எழுந்தது. எருசலேமிற் பேதுருவினிடத்தில் 15 நாள் தங்கியதையும், ஆண்டவரின் சகோதரனான யாக்கோபைக் கண்டதையும் அவர் அதிற் கூறுகின்றார். கற்பனைப் புருஷனுக்கு உடன்பிறந்தான் ஒருவன் எங்ஙனம் உளனாவான்? யூத சரித்திராசிரியர் ஜொசீபசும் அந்த யாக்கோபைக் குறிக்கின்றார். அவர் நூலில் இயேசுவைப் புகழும் பிறிதொரு பகுதியிற் பிற்காலத்தார் கைபட்டதென்பதை நாம் மறைக்கவேண்டுவதில்லை. ரோமராகிய டாசிட்டஸ், பிலாத்துவின் காலத்து மரணதண்டனையை வெறுப்போடு எழுதிவைத்தார். வெறுப்பவர் சாட்சிக்குத் தனி மதிப்புண்டு.

ஆதிச் சபையினுள் எழுந்த வழக்கோ இக்காலத்ததற்கு நேர்மாறானது. அவர் இருந்தாரா என்பதன்று. அவர் பாடுபட்டது மெய்யான மாமிசத்திலா, வெறுந்தோற்றத்திலா என்பதே. தோற்றமென்றாரை இக்னாசியார் வன்மையாய்க் கண்டித்தார். அவர் பிறக்கவேயில்லையென்னும் வாதம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பிரான்சிற் கிளம்பி, 1909-இல் ஜெர்மானியராகிய டிரூஸ் என்பவரால் விரிந்தது. 1927-இல் ரஸ்ஸல் அதனை ஐயமாகவே சொல்லிச் சென்றார்.

சரித்திரமே வேண்டாமென்பாரும் உளர். இயேசு வாழ்ந்ததில்லையென எவரேனும் நிரூபிப்பினும் மலைப்பிரசங்கம் தமக்கு மெய்யே என்னும் கருத்தை 1931-இல் காந்தியடிகள் வெளியிட்டார். அது அவர்க்கு அமைந்தது, சபைக்கு அமையாது. தன் விசுவாசப் பிரமாணத்தில் ஒரு ரோம அதிகாரியின் பெயரையும் சேர்த்து ஞாயிறுதோறும் ஓதுகின்ற சபை, தன்னைச் சரித்திர ஆராய்ச்சிக்குத் தானே ஒப்புக்கொடுத்திருக்கின்றது. 1961-இல் செசரியாவிற் கிடைத்த கல்லொன்றில் அவ்வதிகாரியின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றது.