உரிமத்துக்கும் உண்டு வாடகை!

நியூயார்க்கின் வாஷிங்டன் ஸ்கொயர் பூங்கா ஓரத்தில் தோசை வண்டி போட்டுப் பெயர் வாங்கியவர் யாழ்ப்பாணத்துத் திருக்குமார் கந்தசாமி. 2001இல் தொடங்கிய வண்டி, 2007இல் அந்நகரின் தெருவோரச் சமையலுக்கான ‘வெண்டி’ கோப்பையை அவருக்கு வாங்கித் தந்தது. கல்லும் மாவும் கைப்பக்குவமும் இருந்தால் அந்த ஊரில் பிழைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறதே என்று நமக்குத் தோன்றும். அவை மட்டும் போதாது. வண்டிக்கு உரிமம் வேண்டும். அங்கே நாற்பது ஆண்டுகளாகக் குதிரைக்கொம்பாக இருப்பது அதுதான்.

தெருவில் சமைத்து விற்க அங்கே இரண்டு அனுமதிகள் தேவை. ஒன்று ஆளுக்கு. உணவுச் சுகாதார வகுப்பில் உட்கார்ந்து, தேர்வு எழுதித் தேறினால் படம் போட்ட அட்டை கிடைக்கும். இதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. இன்னொன்று வண்டிக்கு. பூட்டு போட்டிருப்பது இதற்குத்தான்.

எட் கோச் மேயராக இருந்த காலம். 1983இல் உணவு வண்டி உரிமங்களுக்கு வரம்பு கட்டினார்கள். நகரம் முழுவதும், ஆண்டு முழுவதும் ஓடக்கூடிய வண்டிகள் சுமார் 3,000 மட்டுமே. நடைபாதையில் மக்கள் நடக்க இடமில்லை என்றார்கள். ஆயிரக்கணக்கில் வாடகை கொட்டிக் கடை நடத்துகிறவரின் வாசலிலேயே வண்டிக்காரர் விற்றால் எப்படி என்றும் கேட்டார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால், நகரத்துக்கு வந்து சேரும் ஆட்கள் பெருகிக்கொண்டே இருக்க, இந்த எண் மட்டும் அசையவில்லை. 2007இல் காத்திருப்போர் பட்டியலையே மூடிவிட்டார்கள். 2008இல் பழம், காய்கறி வண்டிகளுக்கென்று தனியாக 1,000 உரிமங்கள் ஒதுக்கியதோடு சரி.

கிடைக்காத பொருளுக்குக் கள்ளச்சந்தை வராமல் இருக்குமா? சமைக்கும் வண்டிக்கு மாநகரம் வாங்கும் கட்டணம் இரண்டு ஆண்டுகளுக்கு 200 டாலர். அதே உரிமத்தை வைத்திருப்பவர் இன்னொருவருக்கு விடும் வாடகையோ, அதே இரண்டு ஆண்டுகளுக்கு 20,000 டாலருக்கும் மேல். உரிமம் எடுத்தவர் அந்தத் தெருப் பக்கமே வர வேண்டாம். பனியிலும் வெயிலிலும் நின்று வெங்காயம் வதக்குவது, வங்கதேசத்திலிருந்தோ எகிப்திலிருந்தோ வந்த வேறொருவர். உரிமத்தை இப்படி வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றம் என்பதால், கொடுத்த பணத்துக்கு ரசீது கிடையாது. ‘அடுத்த முறை உனக்கு இல்லை’ என்று உரிமக்காரர் சொல்லிவிட்டால், போய் முறையிட இடமும் கிடையாது. அந்த வாடகையையும் கட்ட முடியாதவர்கள் உரிமமே இல்லாமல் விற்று, பிடிபட்டால் 1,000 டாலர் வரை அபராதம் கட்டுகிறார்கள்.

இடையில் 1995இல் ஒரு திருத்தம் வந்தது. சிலர் உரிமங்களை மொத்தமாகக் குவித்து வைத்திருந்ததால், ஆளுக்கு ஒன்றுதான் என்றார்கள். குவிப்பு குறைந்தது. ஆனால், வாடகை வியாபாரம் நிற்கவில்லை. உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்த சட்டம், வண்டியில் நிற்பது யார் என்று பார்க்கவில்லையே!

அதைப் பார்த்தது 2021இல் மாநகர மன்றம் கொண்டுவந்த சட்டம். 2022 முதல் பத்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 445 புதிய உரிமங்கள். அவற்றில் 300 உரிமங்களை வைத்து மன்ஹாட்டனுக்கு வெளியே மட்டுமே விற்கலாம். 100 உரிமங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மீதி 45, முன்னாள் படைவீரர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும். இந்த எண்களைவிட முக்கியமானது கூடவே வந்த நிபந்தனை. புது உரிமம் எடுத்தவர் வண்டியில் இருந்தாக வேண்டும். வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். ஆனால், காகிதத்தை மட்டும் வண்டியில் ஒட்டிவிட்டு வீட்டில் இருக்க முடியாது.

பழைய உரிமங்களுக்கு 2032 ஜூலை வரை அவகாசம் தந்திருக்கிறார்கள். இந்தத் தாராளம் எதற்கு என்று கோபம் வரலாம். ஆனால், உரிமத்தை வாடகைக்கு விட்டவர்களில், தாங்களே பல ஆண்டுகள் வண்டி தள்ளி ஓய்ந்துபோனவர்களும் உண்டு. அந்த வாடகைதான் அவர்களுக்கு ஓய்வூதியம். அதை ஒரே நாளில் நிறுத்துவது நியாயமில்லை. அதற்காகப் பத்து ஆண்டா என்பதுதான் கேள்வி. தவிர, புது உரிமங்கள் தொடக்கத்தில் வெகு மெதுவாகத்தான் கைக்கு வந்தன.

சாப்பிடுகிறவருக்கும் இதில் பங்கு உண்டு. 2025 தொடக்கத்தில், மேயர் பதவிக்குப் போட்டியிட்ட ஸோரான் மம்தானி வண்டிக்காரர்களிடம் போய், ஒரு தட்டு சிக்கன் சோறு ஏன் 10 டாலர் என்று கேட்டுக் காணொளி வெளியிட்டார். உரிம வாடகையைக் காட்டினார்கள். அது இல்லாவிட்டால் 8 டாலருக்கே தரலாம் என்றார்கள். அந்த ஆண்டு நவம்பரில் மம்தானி மேயராகத் தேர்வானார்.

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வாடகை என்றால், 2022க்கும் 2032க்கும் இடையில் ஐந்து தடவை கட்ட வேண்டும். தடவைக்கு 20,000 என்று வைத்தாலும் ஒரு லட்சம் டாலர். மாநகரத்தின் கட்டணப்படி அதே பத்து ஆண்டுகளுக்கு ஆகும் தொகை 1,000 டாலர்.