உதைபந்தும் ஊதியமும்

உழைப்பு ஒன்று; அதன் உருவங்கள் பல. ஏர் பிடித்தல் உழைப்பு. ஏடு எழுதுதல் உழைப்பு. தோல் பதனிடுதலும் உழைப்பே. இவற்றையெல்லாம் உழைப்பென ஒப்பும் நம்மவர், பந்துதைத்துப் பிழைப்பவனை மட்டும் விளையாட்டுப் பிள்ளை என்று ஒதுக்கிவிடுகின்றனர். அவன் பேரும் புகழும் எய்திவிட்டாலோ தோளில் தூக்கிக் கொண்டாடுகின்றனர். இவ்விரு நிலைக்கும் இடையே ஒருவன் நிற்பானாயின், அவனை ஏறெடுத்துப் பார்ப்பார் இலர். அங்ஙனம் இடையில் நிற்பவனைப் பற்றியதே இக்கட்டுரை. சிறிய லீக்குகளில் ஊதியத்துக்கு ஆடும் நடுக்கள ஆட்டக்காரன் ஒரு தொழிலாளி. தொழிலாளிக்குரிய காப்பு அவனுக்கும் வேண்டும் என்பது எமது துணிபு.

முதற்கண் நம் வட்டாரத்தை நோக்குவோம். இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் தோல் தொழில் வேரூன்றி நிற்கின்றது. 2019ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது, தொழில் பிரியவில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ உருவாவதற்கு எத்தனை கைகள் வேண்டும்! தோலைத் தெரிந்தெடுப்பார் ஒருவர், வெட்டுவார் ஒருவர், ஓரம் சீவுவார் ஒருவர், மேற்பாகத்தைத் தைப்பார் ஒருவர், அச்சில் ஏற்றி அடி ஒட்டுவார் பிறிதொருவர். தைப்போருள் பெரும்பாலார் நம் தாய்மாரும் தமக்கைமாருமே. அவருள் எவரையேனும் நோக்கி, 'நீர் இந்தியாவிலேயே முதல்தரமான தையற்காரரோ?' என்று எவரும் வினவியதுண்டா? இல்லை. தையல் நேராக விழுந்தால் போதும். மாத முடிவில் ஊதியம் வந்துவிடும். நல்ல வேலைக்கு நல்ல கூலி என்பது அங்கே நியதி. பந்தாட்டக்காரனிடத்து மட்டும் நாம் வேறொரு நியதியைக் கொள்கின்றோம். 'முதல்வனாகு, இன்றேல் வீட்டுக்குப் போ' என்கின்றோம். இது முறையாகுமா?

எம்முடன் பள்ளியிற் பயின்ற நண்பர் ஒருவர் உளர். அவர் தந்தையார் தோல் பதனிடும் தொழிலாளி. நண்பர் நடுக்களத்தில் நின்றால் பந்து அவர் சொற்கேட்டு நடக்கும். பதினேழாம் வயதில் வெளியூர்க் கழகம் ஒன்று அவரை அழைத்துக்கொண்டது. உறையுளும் உணவும் திங்கள்தோறும் ஒரு தொகையும் தருவதாக வாய்ச்சொல்லிற் கூறினர். இரு திங்கள் தொகை வந்தது. நான்காம் திங்களில் முழங்கால் பிசகிற்று. கழகத்தார் இரயில் சீட்டு ஒன்றை வாங்கிக் கையில் தந்து ஊருக்கு அனுப்பிவிட்டனர். கையெழுத்திட்ட தாள் ஒன்றேனும் அவரிடத்து இல்லை. மருத்துவச் செலவுக்கு அன்னையார் தாலிச் சங்கிலி அடகுக்குச் சென்றது. இன்று அவர் ஒரு ஷூ தொழிற்சாலையில் அடி ஒட்டும் பிரிவில் பணி செய்கின்றார். சென்ற விடுமுறையில் அவரைக் கண்டோம். பேச்சினிடையே அவர் நகைத்துக்கொண்டே கூறியது எம் நெஞ்சை விட்டு அகலவில்லை: "தொழிற்சாலையில் சேர்ந்த உடனே ஈ.எஸ்.ஐ. அட்டை ஒன்று கொடுத்தார்கள். அணியில் இருந்தவரையில் நான் கண்ட அட்டை நடுவர் காட்டிய மஞ்சள் அட்டை ஒன்றுதான்."

நடுக்கள ஆட்டக்காரன் செய்யும் பணி யாது? அணியில் பதினொருவர் உளர். கோல் போடுபவன் பெயர் மறுநாட் செய்தித்தாளில் வரும். கோல் காப்பவன் தவறிழைத்தால் அவன் பெயரும் வரும். நடுக்களத்தில் நிற்பவனோ பின்னணியினின்று பந்தைப் பெற்று முன்னணிக்கு ஈகின்றான். எதிரி பந்தைக் கவர்ந்தால் ஓடி மறிக்கின்றான். பிறன் விட்டுச் சென்ற இடத்தைத் தான் நிரப்புகின்றான். ஓர் ஆட்டத்தில் அவன் ஓடும் தொலைவு பெரும்பாலும் 10 கிலோமீட்டரைக் கடக்கும். ஷூவின் உள்ளே மறைந்து கிடக்கும் உள்ளடியை எவரும் பார்ப்பதில்லை. அஃது இல்லையேல் ஓரடியும் நடத்தல் இயலாது. அவன் நிலையும் அத்தகையதே.

தமிழ் நாட்டிலேயே ஒரு சான்று காட்டுவோம். தஞ்சை ஈன்ற காலியா குலோத்துங்கன் என்பார் நடுக்கள ஆட்டக்காரர். 2003ஆம் ஆண்டில் ஜகார்த்தா நகரில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகம் ஆசியான் கோப்பையை வென்றதே, அவ்வணியில் இவர் இடம்பெற்றிருந்தார். இறுதியாட்டத்தில் தாய்லாந்துக் கழகமொன்று 3-1 என்ற கணக்கில் தோற்றது. இந்தியக் கழகங்கள் அயல் நாட்டில் எய்திய வெற்றிகளுள் இது தலைசிறந்தவற்றுள் ஒன்று. பின்னர் அவர் மோகன் பகான், விவா கேரளா முதலிய கழகங்களிலும் ஆடினார். இவற்றுள் விவா கேரளா, 2007-08ஆம் ஆண்டு ஐ-லீக் தொடங்கிய முதற் பருவத்திலேயே இரண்டாம் படிக்கு இறங்கிய கழகம். கோப்பை வெல்லும் கழகத்திலும், படியிறங்கி ஏறும் கழகத்திலும் ஆடிப் பிழைப்பதே இத்தொழிலின் இயல்பு. 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் தஞ்சையில் நேர்ந்த சாலை விபத்தில் குலோத்துங்கன் உயிர் நீத்தார். அப்பொழுது அவர் அகவை நாற்பதை ஒட்டியது. ஜகார்த்தா வெற்றியை நினைவுகூர்வோருள் இத்தமிழர் பெயரை அறிந்தார் எத்துணையர்? எம் வகுப்பிற் கேட்டோம், ஒருவரும் அறிந்திலர்.

முன்னாளில் நிலைமை வேறாக இருந்தது. சென்னையில் இந்தியன் வங்கி, இரயில்வே, ஐ.சி.எஃப். முதலியன ஆட்டக்காரரை ஊழியராகவே அமர்த்திக்கொண்டன. இந்தியன் வங்கிக்காக ஆடிய சபீர் பாஷா பிற்காலத்தில் சென்னையின் எஃப்.சி. கழகத்தின் துணைப் பயிற்சியாளராகவும் விளங்கினார். காலில் வலிவு உள்ளவரை களம், அது குன்றியபின் மேசை, முதுமையில் ஓய்வூதியம். இம்முறையால் ஆட்டம் மிக உயர்ந்துவிட்டது என்று யாம் கூறவில்லை. ஆயினும் ஆடியவன் தெருவில் நின்றானல்லன்.

பின்னர் ஒப்பந்த முறை வந்தது. அதனுடன் கழகங்கள் மறையும் காலமும் வந்தது. மஹிந்திரா யுனைடெட் 2010ஆம் ஆண்டிலும், முதல் தேசிய லீக்கை வென்ற ஜே.சி.டி. 2011ஆம் ஆண்டிலும் கலைந்தன. நம் மாநிலத்துச் சென்னை சிட்டி கழகம் கோவையைத் தாயகமாகக் கொண்டு ஆடி, 2019ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள் ஐ-லீக் பட்டத்தை வென்றது. தமிழ் இளைஞர் பலர் அவ்வணியில் இருந்தனர். 2021க்குப் பின்னர் அந்த லீக்கில் அக்கழகத்தைக் காணோம்! பட்டம் வென்ற அணிக்கே ஈராண்டுக்குமேல் நிலையின்மையாயின், மூன்றாம் நான்காம் படிகளில் ஆடுவோன் கதி யாதாகும்? 2025ஆம் ஆண்டு ஜூலையில் உயர்படியான இந்தியன் சூப்பர் லீக்கே ஒப்பந்தச் சிக்கலால் நிறுத்தி வைக்கப்பட்டு, ஆட்டக்காரர் பல திங்கள் காத்துக் கிடந்ததையும் கண்டோம்.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. பெல்ஜியம் நாட்டில் ழான்-மார்க் போஸ்மான் என்றொரு நடுக்கள ஆட்டக்காரர் இருந்தார். பெரும்புகழ் பெற்றவர் அல்லர். 1990ஆம் ஆண்டில் லியேழ் கழகத்துடன் அவர் ஒப்பந்தம் முடிந்தது. கழகம் அவர்தம் மாத ஊதியத்தை 1,20,000 பிராங்கினின்று 30,000 பிராங்காகக் குறைத்தது. அவரோ பிரான்சு நாட்டின் இரண்டாம் படிக் கழகமான டன்கர்க்குக்குச் செல்ல விழைந்தார். ஒப்பந்தம் முடிந்த பின்னரும் கழகம் அவரை விடவில்லை. அவர் வழக்குத் தொடுத்தார். 1995ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன் மாற்றுப்பணம் இன்றியே ஐரோப்பிய ஒன்றியத்துள் வேறு நாட்டுக் கழகத்துக்குச் செல்லலாம் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பால் பிற்கால ஆட்டக்காரர் கோடிகளை ஈட்டினர். போஸ்மானோ ஆட்டம் இழந்து, வறுமையுற்று, மதுவுக்கு அடிமையாகித் துன்புற்றார். இடைத்தர ஆட்டக்காரன் ஒருவன் திறந்த கதவின் வழியே அனைவரும் சென்றனர். திறந்தவன் வெளியே நின்றான்.

ஈண்டுப் பெரியோர் ஒரு தடை எழுப்புவர். 'அதனாலன்றோ பந்தை விடுத்துப் புத்தகத்தை எடு என்கின்றோம்!' என்பர். இளைஞரோ, 'பிரான்சு நாட்டுக் காண்டே மூன்றாம் படியில் தொடங்கி 2018ஆம் ஆண்டில் உலகக் கோப்பையை வென்றாரே!' என்பர். இருவர் கூற்றிலும் பாதி உண்மை உண்டு. காண்டே சிறு கழகத்தில் ஆடிய காலத்திலேயே கணக்கியலில் பட்டயம் பெற்றவர் என்பதை இளைஞர் மறந்துவிடுகின்றனர். பந்தும் புத்தகமும் பகையல்ல என்பதைப் பெரியோர் மறந்துவிடுகின்றனர். ஆயிரவருள் ஒருவனே காண்டே ஆவான். ஏனைய தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதின்மரும் இல்லையேல் அவ்வொருவன் எவரோடு ஆடுவான்?

யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, எழுத்து வடிவான ஒப்பந்தம். எழுத்திலான ஒப்பந்தமும், செலவுக்கு மேற்பட்ட ஊதியமும் உடையவனே தொழில் ஆட்டக்காரன் என்பது உலகக் கால்பந்துக் கூட்டமைப்பாகிய ஃபிஃபாவின் விதி. இரு மாத ஊதியம் தராத கழகத்துக்கு 15 நாள் தவணை கொடுத்து, அதன்பின் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமையும் 2018 முதல் அவ்விதிகளில் உண்டு. எம் நண்பருக்கு இவ்வுரிமை ஏன் பயன்படவில்லை? தாள் இல்லாமையால் விதியின் கண்ணில் அவர் தொழில் ஆட்டக்காரரே அல்லர்! இரண்டாவது, களத்தில் நேரும் காயத்துக்குக் கழகமே பொறுப்பேற்றல். தொழிற்சாலையில் விரல் நசுங்கினால் மருத்துவம் உண்டு. களத்தில் முழங்கால் முறிந்தால் இரயில் சீட்டா? மூன்றாவது, கல்வி. ஆடச் செல்லும் மாணவன் ஓராண்டோ ஈராண்டோ கழித்து மீண்டும் வந்து விட்ட இடத்தினின்று தொடரக் கல்லூரிகள் இடம் தரல் வேண்டும். 2006ஆம் ஆண்டில் இந்தியக் கால்பந்தாட்டக்காரர் சங்கம் தோன்றிற்று. பைச்சுங் பூட்டியா அதன் முதல் தலைவர். ஊர்ப்புறத்து இளைஞரும் இத்தகைய சங்கத்தை அறிந்து அதன் துணையை நாடுதல் நன்று.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரிக் களத்தில் ஆடுவோருள் எவரையேனும் நாளை ஒரு கழகம் அழைக்கலாம். அழைத்தால் மகிழ்ந்து அனுப்புவோம். அனுப்புமுன் ஒரு வினாவை மட்டும் கேட்கச் சொல்வோம்: 'தாள் எங்கே?' முன்னாள் மாணவர்களுள் வழக்கறிஞர் பலர் இருக்கின்றீர்கள். அத்தாளைப் படித்துப் பொருள் கூற ஒரு மாலைப் பொழுதை ஈவீராயின், நீவிர் கல்லூரிக்கு நல்கும் வெள்ளிக் கோப்பையினும் அது பெரிது.

எம் நண்பர் இப்பொழுது ஞாயிறுதோறும் மாலையில் சிறுவர்க்குப் பந்து பழக்குகின்றார். முழங்காலில் கட்டு உண்டு; ஓட இயலாது; நின்றபடியே கைகாட்டுகின்றார். அச்சிறுவருள் ஒருவனுக்கேனும் அட்டை இரண்டும் வாய்ப்பதாக: களத்தில் நடுவர் காட்டுவது ஒன்று, காயத்தில் காப்பது மற்றொன்று.