தலைக்கு மேல் ஒரு டாப்

காரின் கூரையைக் கழற்றியாயிற்று. அதை எங்கே வைப்பது?

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் திறந்த கார் வைத்திருக்கும் பலர் இந்தக் கேள்விக்கு கராஜின் சீலிங்கைக் காட்டுகிறார்கள். நாலைந்து கப்பிகள், கயிறு, கையால் சுற்றும் வின்ச், இரண்டு பெல்ட். எல்லாம் ஹார்டுவேர் கடைச் சரக்கு, ஒரு சனிக்கிழமை வேலை. கோடை தொடங்கும்போது கூரை மேலே போகும். இலையுதிர் காலம் வரை அங்கேயே தொங்கும். அதற்கு நேர் கீழே அந்தக் கார் நிற்கும். சில சமயம் காரின் சொந்தக்காரரும் நிற்பார். விவகாரமே அதில்தான் இருக்கிறது.

இந்த வகைக் கார்களுக்கு இரண்டு கூரைகள். மடித்துவிடக்கூடிய துணிக் கூரை ஒன்று. குளிர்காலத்துக்கு மேலே வைத்துப் பூட்டிக்கொள்ளும் கெட்டியான ‘ஹார்டு டாப்’ இன்னொன்று (இனி டாப் என்றே சொல்வோம்). ஃபோர்டு தண்டர்பேர்டு 1955இல் கழற்றக்கூடிய ஃபைபர்கிளாஸ் டாப்புடன் வந்தது. 1963இல் ஜெனீவா கண்காட்சியில் மெர்சிடஸ் 230 எஸ்.எல். வந்தபோது, நடுவில் குழிந்து ஓரங்களில் உயர்ந்திருந்த அதன் டாப்பைப் பார்த்து காருக்கே ‘பகோடா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1989இல் வந்த மாஸ்டா எம்.எக்ஸ்.-5, திறந்த காரை நடுத்தர வருமானக்காரர்களுக்கும் எட்டவைத்தது. டாப் வேண்டும் என்பவர்கள் தனியாகப் பணம் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். 1996இல் மெர்சிடஸ் எஸ்.எல்.கே. வந்த பிறகு, பட்டனை அழுத்தினால் கெட்டிக் கூரையே மடிந்து டிக்கிக்குள் போய்விடும் வித்தை பரவியது. (ஃபோர்டு இதை 1957இலேயே செய்து காட்டி, இரண்டு வருடத்தில் கைவிட்டிருந்தது.) பட்டன் இல்லாத பழைய கார்கள் இன்றும் ஓடுகின்றன. அவற்றை வைத்திருப்பவர்களுக்கும் வயது ஏறுகிறது.

மாஸ்டாவின் டாப் சுமார் 20 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொள்கிறவர்களுக்கு இது ஒரு எடையா என்று தோன்றலாம். எடை பெரிதல்ல, வடிவம்தான் எதிரி. இரண்டு கைகளையும் விரித்தாலும் பிடி கிடைக்காது. காருக்கு வெளியே நின்று குனிந்து, கையை நீட்டித்தான் தூக்க வேண்டும். முதுகு அங்கேதான் பிடித்துக்கொள்ளும். கை நழுவினால் கண்ணாடி நொறுங்கும் அல்லது பெயின்ட் கீறும். பழைய மெர்சிடஸ் எஸ்.எல். டாப்கள் இதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை.

இரண்டு பேர் இருந்தால் ஐந்து நிமிட வேலை. நம் ஊரில் தெருவில் குரல் கொடுத்தால் நாலு பேர் வருவார்கள், ஐந்தாவது ஆள் யோசனை சொல்வார். அமெரிக்கப் புறநகரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது அவ்வளவு சுலபமல்ல. பிள்ளைகள் வேறு ஊரில். மனைவிக்கு மூட்டுவலி. அந்த இரண்டாவது ஆள் இல்லாத குறையைத்தான் கப்பியும் கயிறும் தீர்க்கின்றன.

கிணற்று ராட்டினம் தெரிந்தவர்களுக்குக் கப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு கணக்கைப் பலர் கவனிப்பதில்லை. சீலிங்கில் ஒரே ஒரு கப்பியை மாட்டி, 20 கிலோ டாப்பைக் கட்டி, கயிற்றின் மறுமுனையை நீங்கள் நேராகக் கீழே இழுத்தால் சீலிங் தாங்கும் எடை 20 கிலோ அல்ல, 40. டாப்பின் எடை ஒரு பக்கம், உங்கள் இழுப்பு மறுபக்கம். மெர்சிடஸ் டாப் என்றால் 80. கயிறு வெட்டி இழுத்தால் அதற்கும் மேலே. டாப்போடு சேர்ந்து நகரும் கப்பி ஒன்றைச் சேர்த்தால் இழுக்கும் விசை பாதியாகும், ஆனால் கயிற்றை இரண்டு மடங்கு நீளம் இழுக்க வேண்டும். நான்கு மடங்கு சௌகரியம் வேண்டுமானால், இரண்டு மீட்டர் உயர்த்த எட்டு மீட்டர் கயிறு. ஒவ்வொரு கப்பியின் உராய்வும் தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும்.

டாப்பை எப்படிப் பிடிப்பது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். வழக்கமான முறை இது: முன்கண்ணாடிச் சட்டத்திலும் பக்கங்களிலும் உள்ள கொக்கிகளை விடுவித்து, பின்கண்ணாடியின் பனி நீக்கும் கம்பிகளுக்குப் போகும் ஒயரைக் கழற்றி, ஜன்னல்களை இறக்கி, இரண்டு அகலமான பெல்ட்களை ஒரு பக்க ஜன்னல் வழியே விட்டு மறுபக்கம் எடுப்பது. ஒயரை மறந்தவர்களுக்கு அது முதல் இழுப்பிலேயே ஞாபகம் வரும். பெல்ட்களின் நான்கு முனைகளையும் மேலே ஒரே கொக்கியில் சேர்த்துக் கட்டக்கூடாது. கயிறு எவ்வளவு படுக்கையாகச் சாய்கிறதோ அவ்வளவு இழுவிசை கூடும். இரண்டு கயிறுகளும் கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரியில் இருந்தால், ஒவ்வொன்றும் முழு எடையையும் சுமப்பதற்குச் சமம். அதோடு டாப்பின் ஓரங்களை உள்பக்கமாக நெரிக்கும். டாப்பைவிடச் சற்று அகலமான மரச்சட்டத்தைக் குறுக்கே வைத்து, அதன் முனைகளிலிருந்து பெல்ட்களை நேராகத் தொங்கவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பின்கண்ணாடி இருப்பதால் பின்பக்கம் கனம் அதிகம். எடையின் மையத்தைக் கண்டுபிடித்துப் பெல்ட்டை நகர்த்தாவிட்டால் முன்பக்கம் ஜம்மென்று எழும்பும், பின் ஓரம் டிக்கி மூடியின் பெயின்ட்டைச் சுரண்டும்.

இதுவரை தூக்குவது பற்றி. அது சுலபமான பாதி. மாதக்கணக்கில் மேலேயே நிறுத்தி வைப்பதில்தான் வீட்டுக் கைவினைஞர்கள் கோட்டை விடுகிறார்கள்.

முதல் பலவீனம் வின்ச். படகு டிரெய்லர்களில் இருக்கும் மலிவான கை வின்ச்சைப் பலர் மாட்டிவிடுகிறார்கள். அது கிடைமட்டமாக இழுப்பதற்கானது. பல்சக்கரத்தைத் தடுக்கும் நாக்கை எடுத்துவிட்டால், எடை முழுவதும் கைப்பிடிக்கு வந்துவிடும். கை வழுக்கினால் கைப்பிடி காற்றாடியாகச் சுழலும், மணிக்கட்டு போகும், டாப்பும் வந்துவிழும். தூக்குவதற்கென்றே பிரேக் உள்ள வின்ச் உண்டு. கையை எடுத்தாலும் நின்ற இடத்தில் நிற்கும். மரை போன்ற திருகுப் பல்சக்கரம் உள்ள வின்ச்சும் பெரும்பாலும் தானாகப் பின்னோக்கிச் சுழலாது. இரண்டில் ஒன்றை வாங்குங்கள். இந்த இடத்தில் மட்டும் காசு பார்க்கக்கூடாது.

இரண்டாவது கயிறு. முடிச்சுப் போட்ட இடத்தில் கயிறு தன் வலிமையில் ஏறக்குறைய பாதியை இழக்கக்கூடும். நைலான் எடைக்கு நீளும், பாலியஸ்டர் அவ்வளவு நீளாது. இரும்புக் கம்பிக்கயிறு பயன்படுத்தினால் கிளிப்பின் வளைந்த ‘யூ’ பகுதி கயிற்றின் எடை தாங்காத வெட்டுமுனைப் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் எடை தாங்கும் பக்கத்தை அது நசுக்கிவிடும். கயிறு எத்தனை கிலோவில் அறும் என்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தொங்கவிடாதிருப்பது தூக்கு வேலை செய்பவர்களின் பழைய கணக்கு.

மூன்றாவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. நம் வீடுகளில் கான்கிரீட் போடும்போதே கம்பியோடு சேர்த்து வளைத்துவிட்ட ஊஞ்சல் கொக்கியில் இரண்டு பேர் உட்கார்ந்து ஆடலாம். அமெரிக்க கராஜின் சீலிங் அப்படியல்ல. வெளியே தெரிவது வெறும் ஜிப்சம் பலகை, திருகாணி அதில் நிற்காது. பலகைக்கு மேலே இரண்டடி இடைவெளியில் மெல்லிய மரச்சட்டங்கள். பல வீடுகளில் அவை முக்கோணச் சட்டகத்தின் கீழ்க்கட்டைகள். பலகையின் எடையையும் அதற்கு மேல் கொஞ்சத்தையும் தாங்கத்தான் கணக்குப் போட்டுச் செய்யப்பட்டவை. நான்கு கொக்கிகளையும் ஒரே கட்டையில் திருகுவது அசட்டுத் துணிச்சல். மூன்று நான்கு கட்டைகளுக்குக் குறுக்கே ஒரு கனமான மரத்தைப் போட்டு, எடையைப் பகிர்ந்து, அதில் கொக்கியை மாட்ட வேண்டும். பரணுக்குள் ஏற முடிந்தால் அந்த மரத்தைக் கட்டைகளின் மேலே கிடத்தி, துளையிட்டு போல்ட்டைக் கீழே இறக்கி, மேலே பெரிய வாஷர் போட்டு நட் முடுக்குவது இன்னும் நல்லது. அப்போது எடை மரத்தின் மேல் அழுந்தும், திருகாணியின் மரை மரத்தைக் கவ்விக்கொண்டிருப்பதை நம்ப வேண்டியதில்லை. கட்டைகளின் நிலை பற்றிச் சந்தேகம் இருந்தால் ஒரு கட்டுமானப் பொறியாளரைக் கேட்பதற்கு ஆகும் செலவு, ஒரு புதிய டாப்பின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

டாப் மேலே போனதும் இன்னொரு வேலை பாக்கி. வின்ச்சையோ அதன் கயிற்றையோ எடை தாங்க விடக்கூடாது. தனியாக வேறு கொக்கிகளிலிருந்து இரண்டு சங்கிலிகளை டாப்பின் அடியில் கொடுத்து மாட்டி, வின்ச்சைக் கொஞ்சம் தளர்த்தி, எடையைச் சங்கிலிக்கு மாற்றிவிட வேண்டும். சங்கிலி பெயின்ட்டில் படாமல் இருக்க பழைய தோட்டக் குழாயை அதன்மேல் கோத்துக்கொள்ளலாம். சங்கிலி மாட்டும்வரை யாரும் அடியில் நிற்கக்கூடாது, குழந்தைகள் கராஜுக்குள்ளேயே வரக்கூடாது.

கராஜ் கதவையும் மறக்கக்கூடாது. அங்கே பெரும்பாலான கதவுகள் மேலே சுருண்டு, சீலிங்கை ஒட்டி உள்ளே வந்து படுக்கும். நடுவில் அதை இழுக்கும் மோட்டாரின் தண்டவாளம். கதவைத் திறந்த நிலையில் அளக்காமல் கொக்கி மாட்டியவர்கள், பட்டனை அழுத்தும்போது கதவு டாப்பில் மோதுவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். சீலிங் ரொம்பத் தாழ்வு, அல்லது கட்டைகள் நம்பிக்கை தரவில்லை என்றால் சக்கரம் வைத்த ஸ்டாண்டில் டாப்பைச் செங்குத்தாக நிறுத்தி ஒரு மூலையில் தள்ளிவிடலாம். இடம் அடைக்கும், ஆனால் தலையில் விழாது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

குளிர் வந்ததும் எல்லாம் தலைகீழாக நடக்க வேண்டும். டாப்பை இறக்குவது ஏற்றுவதைவிட நுணுக்கம், ஏனென்றால் கார் ஓரிரு அங்குலம் தள்ளி நின்றால்கூடக் கொக்கிகள் பொருந்தாது. இதற்கு அவர்கள் கண்டுபிடித்திருக்கும் கருவி ஒரு பழைய டென்னிஸ் பந்து. கார் சரியான இடத்தில் நிற்கும்போது பந்தை ஒரு நூலில் கட்டி, முன்கண்ணாடியைத் தொடும்படி சீலிங்கிலிருந்து தொங்கவிடுகிறார்கள். அடுத்த முறை பந்து கண்ணாடியைத் தொட்டதும் பிரேக்கை மிதித்து, கை பிரேக்கையும் போட்டுவிட்டு இறங்கி வின்ச்சிடம் போகிறார்கள்.