தனியாகப் போனால் என்ன?

"எங்கேம்மா கிளம்பிவிட்டாய்?"

"டவுனுக்கு."

"யாரோடு?"

"தனியாகத்தான்."

"என்ன வேலையாக?"

பஸ்சுக்கு நிற்கும் பெண்ணிடம் ஊர் கேட்கிற கேள்விகள் இவை. ஆண்பிள்ளை என்றால் முதல் கேள்வியோடு விட்டுவிடுவார்கள். பெண்ணை விடமாட்டார்கள். மூன்றாவது கேள்விக்கு அவள் தக்க பதில் வைத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி, பேங்கு, ரேஷன் கார்டு, சந்தை, பிள்ளையின் பள்ளிக்கூடம் - இவை எல்லாம் தக்க பதில்கள். "வேலை ஒன்றும் இல்லை. சித்தன்னவாசல் பார்த்துவிட்டு வரலாம் என்று போகிறேன்" என்று ஒரு பெண் சொல்லட்டும். அவளை மேலும் கீழும் பார்ப்பார்கள்.

அதுவும் தக்க பதில்தான் என்பது நம் கட்சி.

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடும்பங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். மற்ற மாவட்டத்தாரும் படிக்கலாம். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக் கொண்டால் போதும்.

கப்பல் ஏறியவரும் வீட்டில் இருந்தவளும்

இந்தச் சீமை வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பிழைப்புக்கு வெளியூர்தான். அந்தக் காலத்தில் பல ஆண்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலேயாவுக்குப் போனார்கள். பினாங்கில் இறங்கினார்கள். தைப்பிங், ஈப்போ, கிள்ளான் என்று ஊர் ஊராகப் பஸ்சில் போய் வேலை தேடினார்கள். திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து அந்த ஊர்க் கதைகளைச் சொன்னார்கள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட மனைவி, பக்கத்தில் இருக்கும் திருமயம் கோட்டையைக்கூடப் பார்த்திருக்க மாட்டாள்.

படிப்பதற்காக வெளியே வந்த பெண்ணுக்கே எத்தனை எதிர்ப்பு! டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தவர். அவர் அங்குள்ள மகாராஜா கல்லூரியில் சேர விரும்பினார். ஆண்கள் படிக்கும் இடத்தில் பெண்ணா என்று எதிர்த்தார்கள். மன்னர் இடம் கொடுத்தார். முத்துலட்சுமி 1912-ல் சென்னையில் டாக்டர் பட்டம் பெற்றார். 1927-ல் சென்னைச் சட்டசபையில் உறுப்பினராகி, துணைத் தலைவராகவும் அமர்ந்தார். அன்று கல்லூரி வாசலில் தடுத்திருந்தால் நாட்டுக்கு எவ்வளவு நஷ்டம்!

சைக்கிள் புரட்சி

அவருக்குப் பின் 80 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, இதே மாவட்டத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. உலகமே திரும்பிப் பார்த்த வேடிக்கை அது.

1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தரும் இயக்கம். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற அம்மையார். அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தால் என்ன?

கற்றுக் கொடுத்தார்கள். வயல்வேலை செய்கிற பெண்கள், கல் குவாரியில் வேலை செய்கிறவர்கள், சத்துணவுக் கூட ஊழியர்கள், ஆசிரியைகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் சைக்கிள் ஏறினார்கள். கேலி பேசியவர்கள் உண்டு. விழுந்து முட்டியைப் பேர்த்துக் கொண்டவர்களும் உண்டு. யாரும் விடவில்லை. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இங்கே வந்து பார்த்து எழுதினார். லட்சம் பெண்களுக்கு மேல் சைக்கிள் கற்றார்கள் என்பது அவர் தரும் கணக்கு. இன்னொரு சங்கதியும் எழுதினார். பல பெண்கள் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே விரும்பி வாங்கினார்களாம். ஏன் தெரியுமா? அதில் நடுவே ஒரு கம்பி இருக்கிறது. குழந்தையை அதில் உட்கார வைக்கலாம்!

தண்ணீர்க் குடத்தைக் கட்டிக் கொண்டு போனார்கள். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு போனார்கள். பஸ் எப்போது வரும், அண்ணன் எப்போது அழைத்துப் போவான் என்று காத்துக் கிடக்கும் காலம் மிச்சமாயிற்று.

எழுத்துக்கும் பயணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. எழுத்துத் தெரியாதவர் பஸ் நிலையத்துக்குப் போனால் ஒவ்வொரு பஸ்சாக ஓடி, "இது எங்கே போகிறது?" என்று கேட்க வேண்டும். கேட்கப்படுகிறவன் நல்லவனாக இருக்க வேண்டும். பொறுமைசாலியாகவும் இருக்க வேண்டும். எழுத்துத் தெரிந்தவளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பஸ்சின் நெற்றியில் 'அறந்தாங்கி' என்று எழுதியிருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்தாள், ஏறினாள். புதிதாகப் படிக்கக் கற்றவருக்குப் பஸ் பலகையைப் போல உடனே பலன் தரும் பாடம் வேறு இல்லை.

டிக்கெட்டின் விலை பூஜ்யம்

2021-ம் ஆண்டு மே மாதம் 7-ந்தேதி, பெண்கள் சாதாரணக் கட்டண நகர பஸ்களில் காசில்லாமல் போகலாம் என்று தமிழ்நாடு அரசு உத்தரவு போட்டது. மறுநாளே அமலுக்கு வந்தது. திருநங்கைகளும் மாற்றுத்திறனாளிகளும் அதே ஆண்டில் சேர்க்கப்பட்டார்கள். பிறகு 'விடியல் பயணம்' என்று பெயர் வைத்தார்கள். பஸ்களுக்கு ரோஜா நிறம் பூசினார்கள்.

இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்து சொன்னது. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் இது சிறிய பணம் அல்ல.

சிலர் இதை 'ஓசி பஸ்' என்கிறார்கள். நமக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. கண்டக்டர் பெண்களுக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார். அதில் கட்டணம் இல்லை, அவ்வளவுதான். அந்த டிக்கெட்டுகளைக் கணக்கெடுத்து, அரசு கஜானாவிலிருந்து பணம் கொடுக்கப்படுகிறது. கஜானாவில் இருப்பது யார் பணம்? கடையில் சோப்பு வாங்குகிற எல்லாருடைய பணம். அதில் பெண்ணின் பணம் இல்லையா? ஆகவே, தாய்மார்களே, டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். கூசாதீர்கள். நீங்கள் வாங்கும் டிக்கெட்தான், இந்தத் தடத்தில் இத்தனை பேர் போகிறார்கள் என்பதற்குச் சாட்சி.

பக்கத்து மாநிலத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கர்நாடகத்தில் 2023 ஜூன் 11-ல் 'சக்தி' திட்டம் வந்தது. அங்கே நகர பஸ் மட்டும் அல்ல; ஊர் விட்டு ஊர் போகும் சாதாரண அரசு பஸ்சிலும் கட்டணம் இல்லை. என்ன ஆயிற்று? பெண்கள் தர்மஸ்தலா போன்ற கோயில்களுக்குக் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். "ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார்கள்" என்று கேலி பிறந்தது.

கிளம்பினால் என்ன குற்றம்? ஆண்கள் சபரிமலைக்குப் போகிறார்கள். திருவிழாவுக்குப் போகிறார்கள். சினிமா ஷூட்டிங் பார்க்கப் போகிறார்கள். "வீட்டைப் போட்டுவிட்டு" என்று யாரும் சொல்வதில்லை. 888 ரூபாயை வீட்டுச் செலவுக்கு வைத்துக் கொள்கிற பெண், ஆண்டில் இரண்டு நாள் அந்தச் சலுகையைத் தன் கண்ணுக்காகச் செலவழித்தால் குடி முழுகிவிடாது.

பஸ் வர வேண்டுமே!

டிக்கெட் இலவசம் என்றால் போதாது. பஸ் வர வேண்டும். வந்த பஸ் நிற்க வேண்டும்.

பெண்கள் மட்டும் நிற்கும் இடத்தில் பஸ்சை நிறுத்தாமல் ஓட்டிப் போகிறார்கள் என்ற புகார் தமிழ்நாட்டில் பல ஊர்களில் எழுந்தது. சில டிரைவர்கள் மீது நடவடிக்கையும் எடுத்தார்கள். நடவடிக்கை எடுத்தது சரி. ஆனால், ஓடிப்போன பஸ் திரும்பி வராது. அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்து என்றால், அந்தப் பெண்ணின் அரைநாள் கூலி போயிற்று.

கடைசி பஸ் இன்னொரு பெரிய கவலை. கிராமத்துக்குப் போகும் கடைசி பஸ்சை ஒருநாள் நிறுத்தினால், ஆண் யாரிடமாவது மோட்டார் சைக்கிளில் தொற்றிக் கொண்டு போய்விடுவான். பெண் என்ன செய்வாள்? ஒரு தடவை அப்படிச் சிக்கியவள் மறுதடவை தனியாகக் கிளம்ப மாட்டாள். வீட்டில் விடவும் மாட்டார்கள். ஆகவே, பகலில் ஒரு நடையைக் குறைத்தாலும் குறைக்கலாம். கடைசி நடையைக் குறைக்கவே கூடாது.

நேரப் பலகையும் வேண்டும். எல்லா நிறுத்தத்திலும் வேண்டும். பெரிய தமிழ் எழுத்தில், பெயிண்டால் எழுதியிருக்க வேண்டும். எந்த ஊர், எத்தனை மணி, கடைசி பஸ் எப்போது என்ற மூன்று விவரம் போதும். செல்போனில் பார்த்துக் கொள்ளலாமே என்பார்கள். போன் எல்லார் கையிலும் இல்லை. பல வீடுகளில் அது கணவர் சட்டைப்பையில் இருக்கிறது. ஊராட்சி மன்றம் மனம் வைத்தால், நூறு நாள் காத்திராமல் ஒரே நாளில் எழுதி முடிக்கிற வேலை இது.

கழிப்பிடத்தைப் பற்றி வளர்த்த வேண்டாம். சுத்தமான கழிப்பிடம் இல்லாத ஊருக்குப் போகிற பெண், காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் போகிறாள். மருத்துவர்களைக் கேளுங்கள், அதனால் வரும் கேடுகளைச் சொல்வார்கள்.

முதல் பயணம்

எங்கே போகலாம்? ஒரேயடியாகத் தொலைதூரம் வேண்டாம். முதலில் புதுக்கோட்டை நகரை ஒட்டிய திருக்கோகர்ணம் போங்கள். அங்கே 1910-ல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்திலேயே பிரகதாம்பாள் கோயில். நகர பஸ் போகிறது. ஆள் நடமாட்டம் உள்ள இடம்.

அடுத்து திருமயம். புதுக்கோட்டைக்குத் தெற்கே சுமார் 20 கிலோ மீட்டர். காரைக்குடிச் சாலை என்பதால் பஸ்சுக்குப் பஞ்சம் இல்லை. 1687-ல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை, பாறையைச் சுற்றி நிற்கிறது. உச்சியில் பீரங்கி இருக்கிறது. தேசபக்தர் சத்தியமூர்த்தி பிறந்த ஊரும் இதுதான்.

சித்தன்னவாசல் சுமார் 16 கிலோ மீட்டர். அன்னவாசல் பக்கம் போகும் பஸ்சில் ஏறி, வழியில் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். குகைக் கோயிலின் மேற்கூரையில் தாமரைக் குளம் தீட்டியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டைத் தாண்டிய ஓவியம். மீனும் அன்னமும் யானையும் பூப்பறிக்கும் மனிதரும் அதில் இருக்கிறார்கள். மலைமேல் சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகள் உண்டு. நிறத்தில் பாதி போய்விட்டது. மிச்சத்தைப் பார்க்கவே இரண்டு கண் போதாது.

நார்த்தாமலையையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால், சோழர் கோயில் பாறைமேல் தனியே நிற்கிறது. அங்கே முதல் தடவை ஒரு தோழியோடு போவது நல்லது. தைரியம் வேறு, அசட்டுத் தைரியம் வேறு.

பஸ்சில் எவனாவது வம்பு செய்தால் வாய்மூடி இருக்காதீர்கள். 2022-ல் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியிருக்கிறார்கள். பெண்ணை முறைத்துப் பார்ப்பது, சீட்டி அடிப்பது, கண்ணடிப்பது, உரசுவது எல்லாம் அதில் குற்றம். அப்படிப்பட்டவனைக் கண்டக்டர் இறக்கிவிடலாம், போலீசிலும் ஒப்படைக்கலாம். பெண்கள் உதவிக்குத் தொலைபேசி எண் 181. மூன்றே எண்கள்தான்; மனப்பாடம் செய்து கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று பயணம் போய்ப் பழகியபின் ஆவுடையார்கோயிலுக்குப் போகலாம். மாணிக்கவாசகரோடு சேர்ந்த தலம். கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடையார் மட்டும்தான். கல்லை மரம்போல இழைத்து வைத்த கொடுங்கையைப் பார்க்கக் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்க வேண்டும். அறந்தாங்கி போய் அங்கே பஸ் மாற வேண்டும். நகர பஸ் எட்டாத தூரத்துக்குப் புறநகர் பஸ்தான். டிக்கெட்டுக்குக் காசு எடுத்துக் கொள்ளுங்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். காலை முதல் பஸ்சைப் பிடியுங்கள். இறங்கும்போதே, திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரைக் கேட்டுக் கொள்ளுங்கள்.