புறநகரில் எவருக்கு வீடு?

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் உறுப்பினர்-செயலர் அவர்களுக்கு,

2008ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்து 2026ஆம் ஆண்டை எல்லையாகக் கொண்ட இரண்டாவது முழுமைத் திட்டத்துக்கு அடுத்ததாக, மூன்றாவது திட்டத்தைத் தங்கள் குழுமம் தயாரித்துவரும் இத்தருணத்தில், புறநகரில் எவ்வகை வீடுகள், எவ்வளவு நெருக்கமாக, எவருக்காக நிர்மாணிக்கப்பட வேண்டும் என்பது குறித்து, தாம்பரத்தில் வசிக்கும் ஒரு குடிமகனின் விண்ணப்பத்துக்குத் தாங்கள் செவிசாய்க்க வேண்டுகிறேன்.

1931இல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து தாம்பரம்வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, அந்த இருப்புப் பாதையின் இருமருங்கிலும் வளர்ந்த ஊர்களில், ஒரு கிரவுண்டு மனையில் கிணறும் தென்னையுமாகத் தனிவீடு கட்டி, மாடியிலோ பின்கட்டிலோ ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டு, அந்த வாடகையைக் கொண்டே வீட்டுக் கடனை அடைத்த குடும்பங்கள் அநேகம். அவ்வீடுகள் இன்று ஒவ்வொன்றாக இடிபட்டு, கீழே கார் நிறுத்தமும் மேலே மூன்று தளங்களுமாக அடுக்குமாடிகள் எழுகின்றன. ஊரின் விளிம்பில் மதில் சூழ்ந்த உயர்மாடிகள் நிற்கின்றன. இனி அடுக்குமாடியே வேண்டாம், ஜனநெருக்கத்தை ஊர் தாங்காது என்று அக்கம்பக்கத்தார் அஞ்சுகிறார்கள். பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் கழிவுநீரை லாரியில் ஏற்றி அனுப்பியும், கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தும் காலந்தள்ளுகிறவர்களின் அச்சம் அது. அதை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆயினும் சாக்கடை போடாத குற்றத்தைப் புதிதாகக் குடிவருகிறவர் தலையில் சுமத்துவது நியாயமாகாது என்பதே என் அபிப்பிராயம்.

நெருக்கத்தைவிட என் மனத்தை வருத்துவது, வீடுகளின் வகை குன்றிவருவதே. மருத்துவமனைத் தாதியும், கடைச் சிப்பந்தியும், புதிதாக மணமான தம்பதியும், ஓய்வூதியத்தில் வாழும் மூதாட்டியும் குடியிருந்த போர்ஷன், அந்தப் பழைய வீட்டோடு சேர்ந்தே மறைந்துவிட, அவ்விடத்தில் எழுவதோ வங்கிக் கடன் வாங்கும் தகுதியுடையோருக்கே எட்டும் பிளாட். குடித்தனக்காரர்கள் ரயிலடியை விட்டு நெடுந்தூரம் தள்ளி, விலை மலிந்த தாழ்நில மனைப்பிரிவுகளை நாடிப் போகிறார்கள். 2015 டிசம்பரில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரை வெள்ளம் சூழ்ந்தபோது அத்தகைய நிலங்களில் குடியிருந்தோர் பட்ட துயரத்தைத் தாங்களும் அறிவீர்கள்.

இதற்கு மாற்று வழியைத் தேடி அயல்தேசம் செல்ல வேண்டியதில்லை. உலக வங்கியின் கடனுதவியோடு 1977இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற அபிவிருத்தித் திட்டத்தில், அரும்பாக்கத்திலும் வில்லிவாக்கத்திலும் கொடுங்கையூரிலும், சாலை, குடிநீர், சாக்கடை ஆகியவற்றை முதலில் அமைத்து, ஏழைகளுக்கு ஏறக்குறைய 40 சதுர மீட்டர் அளவுள்ள மனைகளையும் வசதியுள்ளோருக்குப் பெரிய மனைகளையும் ஒரே பகுதியில் கலந்து ஒதுக்கினார்கள். பெரிய மனைகளையும் வணிக மனைகளையும் சந்தை விலைக்கு விற்ற தொகை, சிறுமனைகளின் விலையைத் தாங்கிக் கொடுத்தது. கையில் பணம் சேரச் சேர, மனை பெற்றவர்களே சுவர் எழுப்பினார்கள், கூரை வேய்ந்தார்கள், பின்னர் தளம் போட்டு மாடி எடுத்து, அம்மாடியை வாடகைக்கும் விட்டார்கள். தொடக்கத்தில் அத்திட்டத்தைத் தோல்வி என்று கருதியவர்கள் உண்டு. இன்று அங்கே செல்பவரோ, சிறுவீடும் பெருவீடும் அருகருகே நிற்க, கடைகண்ணிகள் நிறைந்து ஜீவகளையோடு விளங்கும் தெருக்களைக் காண்கிறார். நெருக்கம் அங்கேயும் உண்டு. அது குடியிருப்போரின் சக்திக்கேற்ப, முன்னமே போடப்பட்ட சாக்கடையை நம்பி, படிப்படியாக வளர்ந்த நெருக்கம்.

ஆனால், 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதைக் காட்டும் தளப்பரப்புக் குறியீட்டைச் சாதாரணக் கட்டடத்துக்கு 2 என்றும், அகலமான சாலையில் அமையும் உயர்மாடிக் கட்டடத்துக்கு 3.25 என்றும் வகுத்தன. பெருமனையும் பெருஞ்சாலையும் வாய்த்தவருக்கே கூடுதல் உரிமை சேர்கிறது. குறுகிய தெருவில் அரைக் கிரவுண்டு வைத்திருப்பவரோ, பக்க இடைவெளிக்கும் வாகன நிறுத்தத்துக்கும் விட்டது போக எஞ்சியதில், தமக்கொரு வீடும் வாடகைக்கொரு போர்ஷனும் கட்ட வழியின்றித் திகைக்கிறார்.

ஆகவே, ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தொலைவுக்குள் சிறுமனை வீடுகளுக்கும் வாடகைப் போர்ஷன்களுக்கும் கார் நிறுத்த நிபந்தனையைத் தளர்த்தியும், புதிய மனைப்பிரிவுகளில் சிறியதும் பெரியதுமான மனைகளைக் கலந்தே பிரிக்க வேண்டுமென விதித்தும், பாதாளச் சாக்கடை எந்தத் தெருவுக்கு முதலில் வருகிறதோ அந்தத் தெருவில் முதலில் நெருக்கத்தை அனுமதித்தும், ஏரிகளின் நீர்வழிகளில் எவ்வகை வீட்டுக்கும் இடங்கொடாமலும் புதிய திட்டத்தை வகுக்குமாறு பிரார்த்திக்கிறேன். வரைவு தயாரானதும், அதன் வரைபடங்களைத் தெருப்பெயர்கள் தெளிவாகத் தெரியும்படி தமிழில் அச்சிட்டு, தாம்பரம் மாநகராட்சியின் எல்லா வார்டுகளிலும் பார்வைக்கு வைத்து, கருத்துக் கேட்புக் கூட்டங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தினால், சொந்த மனையில்லாமல் வாடகைக்குக் குடியிருப்பவர்களும் வேலைநாள் கூலியை இழக்காமல் வந்து பேச இயலும்.

இங்ஙனம்,
தாம்பரவாசி ஒருவன்