பாட்டுப் பட்டியலும் ஒரு காட்சிப்பொருள்

வெகுமக்கள் பண்பாட்டு அருங்காட்சியகம் என்பது அரசரின் வாளையும் செப்பேட்டையும் விடுத்து, திரைப்படம், பாட்டு, சித்திரக்கதை என மக்கள் தம் கைக்காசைக் கொடுத்து மகிழ்ந்தவற்றைத் திரட்டிவைக்கும் இடமாகும். இவ்வகையில் பெயர்பெற்ற ஒன்று 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் திறக்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களுள் ஒருவரான பால் ஆலன், தம் ஊரிலேயே பிறந்த கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மீது கொண்டிருந்த பித்தே அதற்கு வித்தாயிற்று. கலைஞரும் ரசிகரும் ஒரே ஊர்க்காரராக இருப்பது தேனி மாவட்டத்தாருக்குப் புதிதன்று. அங்கே இல்லாதவர் பணக்கார ரசிகர் மட்டுமே.

1943-இல் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, தேனி அல்லிநகரத்துப் பாரதிராஜா, வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்து ஆகிய மூவரும் 1980-இல் ‘நிழல்கள்’ படத்தில் ஒன்றுகூடியபோது, தேனி தனி மாவட்டமாகக்கூட இல்லை. மதுரையிலிருந்து அது பிரிந்தது 1996-இல்தான். இங்கு அரசியலும் திரையோடு பிணைந்தே வளர்ந்தது. 1962-இல் நடிகர் எஸ்.எஸ். ராஜேந்திரனைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது தேனி. 1984-இல் நியூயார்க் மருத்துவமனையில் சிகிச்சையிலிருந்த எம்.ஜி.ஆரை, அவர் வாக்குக் கேட்டு வராமலே வெல்லச் செய்தது ஆண்டிபட்டி.

ஆனாலும் திரைக்கருவிகளைக் கண்ணால் காண விரும்பும் கம்பத்துக்காரர், 2023 மே மாதம் வடபழனியில் திறக்கப்பட்ட ஏ.வி.எம். பாரம்பரிய அருங்காட்சியகத்துக்குத்தான் செல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த மாதமே சென்னைக்கும் போடிநாயக்கனூருக்கும் இடையே வாரம் 3 நாள் ரயில் வந்தது. அதன் அட்டவணையோ, வெள்ளி இரவு சென்னையில் ஏறி ஞாயிறு இரவு போடியிலிருந்து திரும்புவோருக்கு வாகாக அமைந்தது. வார இறுதியில் தனியாக வருபவரைத் தேனி மாவட்டத்தில் கொண்டுவந்து இறக்க ரயில் இருக்கிறது, அவருக்குக் காட்டத்தான் கூடம் இல்லை.

அப்படியொன்று எழுந்தால் அது மணிமண்டபமாகிவிடக் கூடாது. நடுவே சிலை, சுற்றிலும் ஒளிப்படம், பிறந்த நாளில் மாலை என்பதே மணிமண்டபத்தின் இலக்கணம். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்குக்கு லோயர் கேம்பில் 2013-இல் திறக்கப்பட்டதும் அவ்வகையே. ஆயினும் அவர் மக்களோடு கலந்தது அம்மண்டபத்தால் அன்று. சாமி படங்களுக்கு நடுவே அவர் படத்தை மாட்டிய வீடுகளாலும் கடைகளாலும், ஜனவரி 15-இல் அவருக்குப் பொங்கல் வைக்கும் உழவர்களாலும்தான். சந்தனமும் குங்குமமும் அப்பிய அந்தச் சட்டமிட்ட படங்களுள் ஒன்று, சிலையைவிடக் கூடுதலாகச் சொல்லும்.

படப்பிடிப்புத் தலங்களும் நம்பத்தக்க சான்றல்ல. தமிழ்க் கிராமத்தை அப்படியே திரைக்குக் கொண்டுவந்ததாகப் புகழப்பட்ட ‘16 வயதினிலே’ (1977), பெரும்பாலும் கர்நாடகத்தின் கொள்ளேகால் பகுதியில் எடுக்கப்பட்டது. ஆகவே படைத்தவரின் தடங்களைத் தேடுவதைவிடக் கேட்டவரின் உடைமைகளைத் தேடுவதே பயனுடையது. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மைக்செட்காரர் மரக்கிளையில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் அவற்றுள் ஒன்று. பாட்டுப் புத்தகம் மற்றொன்று. மலிவுத் தாளில் பாடல் வரிகளையும், மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று பாதியில் நின்றுவிடும் கதைச்சுருக்கத்தையும் அச்சிட்டுக் கொட்டகை வாசலில் விற்ற சிறு வெளியீடு அது. கோட்டையூர் ரோஜா முத்தையா இத்தகைய உதிரித் தாள்களையும் ஒதுக்காமல் சேர்த்ததால்தான், அவர் பெயரால் 1994 முதல் சென்னையில் இயங்கும் ஆய்வு நூலகத்தில் அவை இன்று ஆய்வாளர்க்குக் கிடைக்கின்றன.

இவ்விரண்டையும் விட அரியது கேசட் பட்டியல். 1980-களில் பதிவுக் கடைக்குச் செல்பவர், 60 நிமிட வெற்றுக் கேசட்டோடு, விரும்பிய பாடல்களைக் கோடு போட்ட நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுச் சில நாள் கழித்துப் போய் வாங்கிக்கொள்வார். பக்கத்துக்கு 30 நிமிடம், ஏறத்தாழ ஆறு பாட்டு. ஆறாவது பாட்டு சரணத்தின் நடுவே அறுந்துபோகாதிருக்க, விவரம் தெரிந்தவர்கள் சிறிய பாட்டு ஒன்றை அடியில் மாற்றாக எழுதிவைப்பதுண்டு. சோகப் பாட்டை ஏ பக்கத்தில் வைப்பதா, பி பக்கத்தில் வைப்பதா என்பதற்கும் எழுதியவருக்குக் கணக்கு இருந்தது. ஓர் ஊரின் ரசனையை இவ்வளவு நெருக்கமாகக் காட்டும் ஆவணம் வேறு இருப்பது ஐயமே.

தனியாக வரும் பார்வையாளருக்கே இப்பொருள் பொருந்தும். கூட்டமாக வருவோர் சிலையருகே நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவர், முகமறியாத ஒருவரின் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படிக்க உடன்வந்தவரின் அவசரம் விடாது. நாடா ஈரத்தால் பூஞ்சை பிடித்துக் கெட்டாலும் பாட்டுகளை வேறு வழியில் கேட்டுக்கொள்ளலாம். பட்டியலுக்கு வேறு பிரதி கிடையாது. மாவட்டத்துக் கல்லூரியொன்று அத்தாள்களைத் திரட்ட முன்வந்தால், கட்டடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தொடக்கத்துக்குக் கறையான் எட்டாத இரும்பு பீரோ ஒன்று போதும்.