நெடுநாள் வீடற்றோர்க்கு நிலையான இல்லம்

தில்லியின் கடுங்குளிரில் வீடற்றோர் மடிந்த செய்தி 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாட்டை உலுக்கியது. நகரங்களில் லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகமேனும் ஆண்டு முழுவதும் இயங்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் அப்போது வலியுறுத்தியது. பின்னர் வந்த நடுவண் அரசின் நெறிமுறைகள் காப்பகத்தில் ஒருவருக்கு 50 சதுர அடி இடத்தை வகுத்தன. மழைக்கு அஞ்சிக் கடைவாயிலில் ஒடுங்கியவர்க்கு அது உயிர்காப்பு, ஐயமில்லை. ஆயினும், பல்லாண்டு தெருவில் வாழ்ந்து, மனநோயால் நலிந்து, உற்றார் எவருமற்றுப்போன ஒருவர் அந்த 50 சதுர அடியிலிருந்து அடுத்து எங்கே செல்வார்? காப்பகம், மருத்துவமனை, நடைபாதை, மீண்டும் காப்பகம் என்றே அவர் வாழ்நாள் தேய்கிறது.

இச்சுழலை அறுக்கும் வழி நம் சென்னையிலேயே மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது. தெருவில் திரிந்த மனநோயுற்ற பெண்களுக்காக வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் 1993இல் தொடங்கிய அமைப்பு ‘தி பான்யன்’. நலம்பெற்ற பலர் குடும்பத்துக்குத் திரும்பினர். குடும்பம் இல்லாதோரும், குடும்பம் ஏற்க மறுத்தோரும் விடுதியிலேயே ஆண்டுக்கணக்கில் தங்க நேர்ந்தது. அவர்களுக்காக 2015இல் ‘ஹோம் அகைன்’ திட்டம் பிறந்தது. ஊருக்குள், தெருவுக்குள், எல்லாரும் குடியிருக்கும் வரிசையில் வீடுகள் வாடகைக்கு எடுக்கப்பட்டன. நால்வர் ஐவராகப் பெண்கள் குடியேறினர். எதைச் சமைப்பது, எப்போது உறங்குவது, எந்தத் திருவிழாவுக்குப் போவது என்பதெல்லாம் அவர்கள் விருப்பம். மருந்துக்கும் வங்கிக்கும் அண்டை வீட்டாரின் மனத்தாங்கலுக்கும் கைகொடுக்க உதவியாளர்கள் உண்டு. உயர்ந்த மதிலோ பூட்டிய வாயிலோ இன்றி இவர்கள் வாழ்கிறார்கள். இதை ஒரு தொண்டு நிறுவனம் செய்துகாட்டியது நமக்குப் பெருமிதம். அரசின் பொதுக்கொள்கையாக இன்னும் அது வேரூன்றாதது நமக்கு நாணம்.

முதலில் குடியை விடு, நோயைத் தீர், அதன்பின் வீடு தருவோம் என்பதே உலகெங்கும் பழைய நெறி. பின்லாந்து 2008இல் அதைத் தலைகீழாக்கியது. வாடகை ஒப்பந்தம் முதல் நாளே குடியிருப்பவர் பெயரில் எழுதப்படுகிறது; மருத்துவமும் ஆற்றுப்படுத்தலும் வீட்டைத் தேடி வருகின்றன. அந்நாட்டில் 1987இல் 18,000க்கு மேற்பட்டிருந்த வீடற்றோர் தொகை 2022இல் 4,000க்கும் கீழே இறங்கியது. வீட்டு உதவித்தொகைகள் குறைக்கப்பட்ட அண்மைக் காலத்தில், 2024இல், அது மீண்டும் சற்றே ஏறியதையும் நாம் கருத வேண்டும். வீட்டைக் கொடுத்துவிட்டுத் துணையை விலக்கிக்கொள்ளும் அரசு பாதி வழியில் கைவிட்ட அரசே ஆகும்.

நம் சட்டம் ஊமையன்று. குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் எவரையும் மனநல நிலையத்தில் தொடர்ந்து வைத்திருத்தல் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 19ஆம் பிரிவு. அவர்கள் சமூகத்தில் வாழ இடமமைத்தல் அரசின் கடன் என்றும் விதிக்கிறது. ஆனால் வீட்டுவசதித் திட்டங்களோ பெரும்பாலும் குடும்பத்தையே அலகாகக் கொள்கின்றன. தனியாள் அக்கணக்கில் நழுவிவிடுகிறார். வெளிச்சந்தையிலும் வீட்டு உரிமையாளர் கதவடைக்கிறார். நிலையான முகவரி இன்றிக் குடும்ப அட்டையும் உதவித்தொகையும் பெறுவதும் அரிதாகிறது.

ஆகவே நம் கோரிக்கை திட்டவட்டமானது. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளில் ஒரு பங்கு, அதுவும் மருத்துவமனையும் வேலையும் எட்டும் தொலைவில், நெடுநாள் வீடற்றோர்க்கென ஒதுக்கப்பட வேண்டும். அது போதாத ஊர்களில் அரசே முன்பணமும் வாடகையும் செலுத்தி வீடுகளை எடுக்க வேண்டும். உதவியாளர்களின் ஊதியம் ஆண்டுதோறும் நன்கொடையை எதிர்நோக்காமல், நிலையான செலவினமாக நிதிநிலை அறிக்கையில் இடம்பெற வேண்டும். மனநல நிலையங்களில் நோய் தணிந்தும் போக்கிடமின்றிக் காத்திருப்போரிடமிருந்து இப்பணி தொடங்கட்டும்.